அனல் ஓடும் தரை

புதுமனை கோலுகிறவன் முதலாவதாக எதை நிச்சயித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், நம் நாட்டுக் கொத்தனார் மனையின் முகத்தையும் தலைவாசலையும் சொல்வார். பிறகு சாஸ்திரப்படி தென்கிழக்கு மூலையை அக்கினிக்கு ஒதுக்கி, அங்கே சமையலறையை வைத்துவிட்டால் தீயைப் பற்றிய யோசனை அத்தோடு முடிந்துபோகும். மார்கழிப் பனியையும் ஒரு கம்பளியால் சமாளித்துவிடக்கூடிய சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு அதற்குமேல் யோசிக்க அவசியமும் இல்லை. ஆனால், தலைநகரின் வழியாக ஓடும் ஹான் நதி தை மாதத்தில் கல்லாய் உறைந்துவிட, அந்தப் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தெடுத்து வேனிற்காலத்துக்காக அரசாங்கக் கிடங்குகளில் சேமித்துவைத்த கொரிய தேசத்தில், வீடு கட்டுகிறவன் தீயை வீட்டுக்குள் ஒரு மூலையில் குடிவைப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. தீ எங்கே பிறந்து, எவ்வழியே நடந்து, எங்கே வெளியேற வேண்டும் என்பதை முதலில் வகுத்துக்கொண்டு, அந்த வழியின்மேல் வீட்டை எழுப்பினான். ஓண்டோல் என்றும், பழைய நாட்டு வழக்கில் குடுல் என்றும் அவர்கள் சொல்லும் அனல்தரையின் சரித்திரம் அதுதான்.

அந்த அமைப்பு கேட்பதற்கு எளியது. கட்டுவதற்கு அவ்வளவு எளியதன்று. அறையை ஒட்டினாற்போல அடுக்களை இருக்கும். அதன் தரை அறையின் தரையைவிட நன்றாகப் பள்ளமாக இருக்கும். அடுப்பின்மேல் பெரிய இரும்பு அண்டா பதிக்கப்பட்டிருக்கும்; அதில் சோறு பொங்கும்போதே, அடுப்பின் பின்புறத்திலுள்ள குறுகிய கழுத்தொன்றின் வழியாகச் சுவாலையும் புகையும் மேலேறி, அறையின் அடியில் புகுந்துவிடும். அங்கே கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய தாழ்ந்த வரப்புகளுக்கிடையே பல புகைக்கால்கள் அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஓடுகின்றன. வரப்புகளின்மேல் தட்டையான கற்பலகைகள் பாவப்பட்டிருக்கும். மறுகோடியில் புகைக்கால்கள் யாவும் சற்று ஆழமான ஒரு குழிவாய்க்காலில் வந்து கூடும்; புகை அவ்விடத்தில் வேகம் தணிந்து, சாம்பலையும் கரியையும் கீழே உதிர்த்துவிட்டு, வெளிக்காற்று திடீரென்று உள்ளே தள்ளினாலும் அறைப்பக்கம் திரும்பாமல், மண்ணுக்குள் செல்லும் மற்றொரு கால் வழியாக, வீட்டைவிட்டு எட்டி நிற்கும் புகைபோக்கியைச் சென்று சேரும். இவ்விதம் ஒருவேளைச் சோற்றுக்காக மூட்டிய தீ, அதிகப்படி விறகு ஒன்றும் கேளாமல், இரவெல்லாம் ஒரு குடும்பத்தின் முதுகுக்கு உஷ்ணம் தந்தது. கல் சூடேறுவதற்கு நேரமாகும். ஆனால் ஏறிய சூட்டை அது எளிதில் கைவிடுவதில்லை.

நுட்பம் முழுவதும் கற்பலகைகளைப் பாவுவதில் இருக்கிறது. அடுப்பை ஒட்டிய பக்கத்தில் தடித்த பலகைகளைத் தாழ்வாகப் பாவி, அவற்றின்மேல் களிமண் சாந்தைக் கனமாகப் பூசுவார்கள். அடுப்பிலிருந்து விலக விலகப் பலகை மெலியும், சாந்தும் மெலியும். ஆகவே மேலே பார்த்தால் தரை சமமாயிருக்கும். அடியிலோ, தீக்கு அருகில் தடித்த போர்வையும் தூரத்தில் மெல்லிய போர்வையுமாக, சூடு ஓரளவு ஒரே சீராய் மேலே வர வழி செய்யப்பட்டிருக்கும். சாந்து உலர்ந்தபின் கைத்தாளை அடுக்கடுக்காக ஒட்டி, அதன்மேல் கனத்த தாளை விரித்து, ஊறவைத்து அரைத்த சோயா மொச்சையை எண்ணெயோடு கலந்து துணியில் முடிந்து, தரை முழுவதும் திரும்பத் திரும்பத் தேய்ப்பார்கள். தேன்நிறத்தில் பளபளக்கும் அந்தத் தாள் தரையில் சந்து இருக்கக்கூடாது. ஒரு மயிரிழை வெடித்தாலும் அதன் வழியே புகை அறைக்குள் வந்துவிடும். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே செல்வது, பாய்மேல் உண்பது, பகலில் படுக்கையைச் சுருட்டி வைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்து எழுதுவது முதலிய, நமக்குச் சற்றும் அந்நியமாகத் தோன்றாத வழக்கங்கள் யாவும் இந்தத் தரையின்மேல் வளர்ந்தவை. கதகதப்பு காலடியில் இருக்கும்போது நாற்காலியில் ஏறி உட்காருகிறவன் அதை இழக்கிறவன் ஆவான் அல்லவா?

இந்த ஏற்பாட்டின் தொன்மையைக் கூறும் சாட்சியம் முதலில் அண்டை நாட்டாரிடமிருந்தே கிடைக்கிறது. 945-ஆம் ஆண்டில் சீன தேசத்தில் தொகுத்து முடிக்கப்பட்ட தாங் வம்சத்துப் பழைய சரித்திரம், கோகுரியோ ராஜ்யத்து ஜனங்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களில் ஏழைகள் மிகுதி என்றும், குளிர்காலத்தில் நீண்ட குழிகளை அமைத்து, அடியில் தணலிட்டுக் குளிர் காய்ந்தார்கள் என்றும் குறிக்கிறது. 1123-ல் கோரியோ ராஜ்யத்துக்குத் தூது சென்ற சீனராகிய ஷூ ஜிங் என்பவரும், அந்நாட்டுச் சாமானிய ஜனங்கள் மண்மேடை அமைத்து, நிலத்தைக் குடைந்து தீயிட்டு, அதன்மேல் படுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். இவ்விரு சாட்சியங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும்: அனல்தரை அரண்மனையில் பிறந்து குடிசைக்கு இறங்கியதன்று; குடிசையில் பிறந்து நெடுநாள் கழித்தே மாளிகைக்கு ஏறியது. ஆதியில் அறையின் ஓரமாக ஒரு மேடையளவில் ஓடிய புகைக்கால், கோரியோ காலத்தின் பிற்பகுதிக்குள் அறை முழுவதையும் நிரப்பியதாகச் சரித்திராசிரியர்கள் கருதுகிறார்கள்.

இங்கே ஒரு சிறு விலகலுக்கு வாசகர் இடம் தருவாராக. ஜிரி மலைச்சாரலில், ஹாதோங் பிரதேசத்தில், சில்புல் ஆலயம் என்ற பௌத்த மடம் ஒன்று உண்டு. ஏழு புத்தர்களின் ஆலயம் என்பது பொருள். காயா நாட்டு அரசன் சூரோவின் ஏழு குமாரர்கள் அங்கே தவமிருந்து ஞானம் பெற்றார்கள் என்பது ஐதிகம். அந்தக் குமாரர்களின் தாயாகிய ஹோ ஹ்வாங்ஓக், கடல் கடந்து ஆயுதா என்னும் தேசத்திலிருந்து வந்தவள் என்று கொரியாவின் பழைய ஏடு கூற, அது அயோத்தி என்று சிலரும் நம் தென்கரை என்று சிலரும் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. அம்மடத்தில் துறவிகள் தியானத்தில் அமரும் கூடமொன்றின் அடியிலுள்ள அனல்தரை, ஒருமுறை விறகிட்டு மூட்டினால் நூறு நாள்வரை சூடு ஆறாதிருந்தது என்று பெயர்பெற்றது. நூறு நாள் என்பது பக்தர்களின் கணக்காக இருக்கலாம். ஆயினும் ஆழ்ந்து தோண்டிய பெரிய அடுப்பும் கனத்த கல்லும் சேர்ந்தால் பல நாள் சூடு நிற்கும் என்பதில் ஐயமில்லை. பிற்காலக் கலகங்களில் அந்தக் கூடம் தீக்கிரையாகி, 1980-களில் மீண்டும் எழுப்பப்பட்டது.

1392-ல் ஜோசோன் வம்சம் ஸ்தாபிக்கப்பட்டபோதுகூட, பிரபுக்களின் இல்லங்களில் அனல்தரை ஒரு விதிவிலக்காகவே இருந்தது. அது வியாதியஸ்தருக்கும் வயோதிகருக்கும் உரிய சௌகரியம். திடகாத்திரமுள்ளவன் அதை நாடுவது கௌரவக் குறைவு. தலைநகரிலிருந்த சோங்க்யுங்வான் என்னும் ராஜாங்கக் கலாசாலையில், மரப்பலகைத் தரையில் படுத்துக் குளிரால் வியாதியுற்ற மாணாக்கருக்காக ஓர் அனலறை அமைக்கும்படி தேஜோங் மன்னர் 1417-ல் கட்டளையிட்டார். அவருடைய குமாரராகிய சேஜோங் காலத்தில் அவ்வறைகளின் எண்ணிக்கை சற்றுப் பெருகியது. கலாசாலை முழுவதற்கும் அந்தச் சுகம் கிடைப்பதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு கழிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பண்டிதர் யீ இக், தமக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை பெரிய குடும்பங்களின் வீடுகளிலும் ஒன்றிரண்டு அனலறைகளே இருந்தன என்றும், அவை முதியோருக்கும் நோயாளிகளுக்குமே உரியவை என்றும், மற்றவர்கள் பலகைத் தளத்தில் பாயும் திரையும் இட்டே வாசம் செய்தார்கள் என்றும் முதியோர் வாயிலாகத் தாம் கேட்டதைப் பதிவு செய்கிறார். அந்தத் தொனியில், இப்போதைய இளைஞர்கள் சொகுசுக்குப் பழகிவிட்டார்கள் என்ற பெரியவர்களின் நித்திய முறையீடும் கலந்திருக்கிறது.

அந்த நூறு ஆண்டில் நிகழ்ந்தது என்ன? உலகின் பல பாகங்களில் குளிர் கடுமையுற்ற காலம் அது. 1670, 1671-ஆம் ஆண்டுகளில் கொரியாவைப் பீடித்த கொடிய பஞ்சம் அக்காலத்தியது. குளிர் ஒரு காரணம். பிரபுக்கள் முன்னால் போக மற்றவர் பின்தொடரும் மனித சுபாவம் மற்றொரு காரணம். ஆனால் கொரியர்கள் சுவையாகச் சொல்லிக்கொள்ளும் காரணம் வேறு. இன்ஜோ மன்னர் (1623–1649) ஆட்சியில், தலைநகரைச் சூழ்ந்த நான்கு மலைகளிலும் தேவதாருவின் சருகுகள் குவிந்து அடிக்கடி காட்டுத்தீ மூண்டதாம்; மன்னர் அதுகுறித்துக் கவலைப்பட, கிம் ஜாஜோம் என்னும் மந்திரி, நகரத்து ஜனங்கள் யாவரும் தத்தம் வீட்டில் அனல்தரை இடும்படி உத்தரவு பிறப்பித்தால் சருகும் தீரும், ஜனங்களும் சுகப்படுவர் என்று யோசனை கூறினாராம். ஜனங்கள் விரும்பிக் கீழ்ப்படிந்தார்கள். வெகு விரைவில் சருகு தீர்ந்து, சுள்ளி தீர்ந்து, கோடரி மரத்துக்கே வந்துவிட்டது என்று கதை முடிகிறது. கிம் ஜாஜோம் பிற்பாடு ராஜத்துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர். ஆகவே நாட்டின் மலைகள் மொட்டையானதற்கும் அவரையே பொறுப்பாளியாக்குவதில் கதை சொல்கிறவர்களுக்கு ஒரு திருப்தி இருந்திருக்கலாம்.

இந்தத் தரையைக் கண்ணை மூடிக்கொண்டு புகழாமல், அதன் குறைகளை ஒரு கொத்தனாரின் கண்ணோடு பார்த்த முதல் மேதாவி என்று நான் கருதுவது பார்க் ஜிவோன் (1737–1805) என்பவரை. 1780-ல் சீனச் சக்கரவர்த்தியின் எழுபதாவது பிறந்தநாள் வைபவத்துக்குச் சென்ற தூதுக் கோஷ்டியோடு பிரயாணம் செய்த அவர், வழியில் கண்ட எதையும் விடாமல் எழுதிய யாத்திரை நூலில், சீனரின் வீடுகளில் செங்கல்லால் கட்டப்பட்ட அனல்மேடையை நுணுக்கமாக வர்ணித்துவிட்டுத் தம் நாட்டுத் தரையின் குறைகளை ஆறு என்று எண்ணிக் காட்டுகிறார். மண்ணைப் பிசைந்து வரப்புக் கட்டி அதன்மேல் கல்லை வைப்பதால் வரப்பு சரிந்து கல் இறங்கிவிடுகிறது. கற்கள் ஒரே கனமுடையவையாக இல்லாததால் பள்ளத்தைச் சேறு கொண்டு நிரவ வேண்டியிருக்கிறது, சூடும் ஒன்றுபோல் பரவுவதில்லை. புகைக்கால் உயர்ந்தும் அகன்றும் இருப்பதால் சுவாலை கல்லைத் தொடுவதில்லை. சுவர் மெலிந்து விரிசல் காண, அதன் வழியாய்ப் புகும் காற்று தீயைத் திருப்பியடித்து அறையைப் புகையால் நிரப்புகிறது. தீயை உள்ளே இழுக்கும் கழுத்து சரியாக அமையாததால் சுவாலை அடுப்பு வாய்க்கே மீள்கிறது. ஆறாவது குறைதான், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மனத்தில் பதிக்கத்தக்கது: புதிய தரையை உலர்த்துவதற்கே நூறு கட்டு விறகு செலவாகிவிடுகிறது, அப்படியும் பத்து நாளைக்குள் அங்கே குடியேற முடிவதில்லை.

தீ மூட்டி உலர்த்துவதற்கே அவ்வளவு விறகு வேண்டுமானால், குளிர்காலம் முழுவதற்கும் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது அந்த வாக்கியம். செங்கல்லைப் பயன்படுத்துங்கள், புகைக்காலை ஒடுக்குங்கள், புகைபோக்கியைச் செவ்வனே எழுப்புங்கள் என்பது அவருடைய பரிகாரம். அவருக்குப் பின்வந்த சோ யூகு (1764–1845), தம்முடைய பெரிய கலைக்களஞ்சியத்தில் இக்குறைகளை எடுத்துக்கொண்டு மேலும் ஆராய்ந்தார். இரு பண்டிதர்களின் யோசனையையும் நாடு சிரத்தையோடு ஏற்றதாகத் தெரியவில்லை. செங்கல்லுக்குச் சூளையும் விறகும் வேண்டும். மலையிலிருந்து பெயர்த்தெடுக்கும் கல்லோ சும்மா கிடைக்கும். தெற்கே போசோங் பிரதேசத்திலுள்ள ஓபோங் மலையின் பாறை, உளி வைத்த இடத்தில் பலகை பலகையாகப் பிளந்து கொடுப்பதால், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதிவரை அங்கிருந்து தரைக்கற்கள் நாடெங்கும் சென்றன. நமக்கு அற்பமாய்த் தோன்றும் இத்தகைய சௌகரியங்களே பல நேரங்களில் பண்டிதரின் வாதங்களை வென்றுவிடுகின்றன.

தரை எவ்வளவு நேர்த்தியாய்ப் பாவப்பட்டாலும் அடுப்புப் பக்கம் கூடுதலாகவும் எதிர்ப்பக்கம் குறைவாகவும் சூடு இருப்பதைத் தவிர்க்க முடியாது. இந்த வேற்றுமையைக் கொரியர் குறையாகக் கருதாமல் மரியாதையின் அளவுகோலாக ஆக்கிக்கொண்டார்கள். அடுப்பையொட்டிய கதகதப்பான இடம் வீட்டின் முதியவருக்கும் விருந்தினருக்கும் உரியது. சிறுவர்களும் இளையவர்களும் மறுகோடியில் உட்கார வேண்டும். பிரசவித்தவளும் அந்தச் சூடான இடத்திலேயே கிடப்பாள். இரவு நேரங்கழித்து வீடு திரும்பும் தகப்பனுக்காக, மூடியிட்ட சோற்றுக்கிண்ணத்தைத் தாய் அவ்விடத்தில் மெத்தைக்கடியில் பொதிந்துவைப்பாள் என்பது அந்நாட்டுப் பழைய தலைமுறையினர் யாவரும் நினைவுகூர்கிற செய்தி. கோடையில் இந்தத் தரை பெருந்தொல்லை. ஆகையால் அப்போது முற்றத்தில் தனியடுப்பு மூட்டிச் சமைத்து, மரப்பலகை பாவிய திறந்த கூடத்தில் வாசம் செய்தார்கள். ஒரே கூரையின்கீழ் அனல்தரையும் மரத்தளமும் அருகருகே அமைந்திருப்பது கொரிய வீட்டின் விசேஷம். தெற்கே ஜேஜூ தீவில் மட்டும், சமையல் அடுப்பையும் அறைக்குச் சூடேற்றும் அடுப்பையும் முற்றிலும் பிரித்துவைத்தார்கள். அங்கே குளிர் குறைவு.

ஒரு தீயில் இரண்டு காரியம் என்ற சிக்கனத்தில் தொடங்கிய ஏற்பாடு, வீட்டுக்கு ஓர் அறை என்ற வரம்பைத் தாண்டியதும் சிக்கனமாக இருக்கவில்லை. சோற்றுக்கு ஒரு தீதான் வேண்டும். அறை நான்கானால் மற்ற மூன்று அடுப்புகளும் சூட்டுக்காக மட்டுமே எரிந்தாக வேண்டும். கப்பலுக்கும் மாளிகைக்கும் வேண்டிய தேவதாருவை வெட்டக்கூடாதென்று அரசாங்கம் விதித்த தடைகள், முதுகில் மரச்சட்டம் சுமந்து மலையேறும் விறகுவெட்டியை நிறுத்தவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சென்ற மேல்நாட்டுப் பிரயாணிகள் இரண்டு செய்திகளை ஓயாமல் எழுதினார்கள்: சியோலைச் சுற்றியுள்ள குன்றுகள் மொட்டையாக நிற்கின்றன, சத்திரத்து அறைகளின் தரையோ சகிக்க முடியாமல் கொதிக்கிறது. 1894 முதல் 1897 வரை நான்குமுறை கொரியா சென்ற ஆங்கில மாது இசபெல்லா பேர்ட், மட்டக்குதிரைகளின் தீனி காய்ச்சும் அடுப்பின் சூடு தம் அறைத் தரைக்கே வந்து சேர்ந்ததால் பட்ட அவஸ்தையை விரிவாக வர்ணித்திருக்கிறார். பிறகு வந்த ஜப்பானிய ஆட்சியாளர் காட்டின் அழிவுக்கு அனல்தரையே காரணம் என்று குற்றம் சாட்டி, அதைத் திருத்தியமைக்கும் முறைகளைப் பிரசாரம் செய்தார்கள். அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் அதே ஆட்சியில் கொரியக் காட்டுமரம் ஏராளமாய் வெட்டப்பட்டு வெளியேறியதை நோக்கும்போது, ஏழையின் அடுப்பை மட்டும் கூண்டிலேற்றியது நியாயமென்று தோன்றவில்லை.

அரண்மனையின் கதை வேறு. அங்கே புகை அதிகம் வராத கரியைப் பயன்படுத்தினார்கள், புகைபோக்கியும் கலைப்பொருளாயிற்று. 1860-களில் புதுப்பிக்கப்பட்ட க்யோங்போக் அரண்மனையில், ராணியின் மாளிகைக்குப் பின்னுள்ள அடுக்குப் பூந்தோட்டத்தில் ஆறு பக்கங்களோடு நிற்கும் செந்நிறப் புகைபோக்கிகளைக் காண்பவர்கள், அவை புகை விடுவதற்காகக் கட்டப்பட்டவை என்பதை முதலில் நம்பமாட்டார்கள். அதே அரண்மனையில் பட்டத்து இளவரசர் வசித்த ஜாசோன் மாளிகையைப் பிரித்தெடுத்து, ஓகுரா கிஹாசிரோ என்னும் ஜப்பானிய வணிகப் பிரபு டோக்கியோவிலுள்ள தம் மனைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். ஃபிராங்க் லாய்ட் ரைட் என்னும் அமெரிக்கக் கட்டடச் சிற்பி அக்காலத்தில் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்டும் பணிக்காக வந்தவர். ஓகுராவின் இல்லத்தில் ஒரு குளிர்கால விருந்தில் நடுங்கியபடி உண்டு முடித்தபின், கொரிய அறை என்று அவர்கள் சொன்ன ஓரிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டதையும், அங்கே கணப்புச்சட்டி எதுவும் கண்ணில் படாமலே பருவமே மாறிவிட்டதுபோல் கதகதப்பு தம்மைச் சூழ்ந்ததையும் தம் சுயசரிதத்தில் கூறியிருக்கிறார். அது அந்த ஜாசோன் மாளிகையேதானா என்பதைப் பற்றிப் பலவாறு ஊகிக்கிறார்கள். உடனே ஹோட்டலின் குளியலறைகளில் தரைக்கடியில் மின்சாரச் சூடேற்றும் ஏற்பாட்டைச் செய்த ரைட், 1937-ல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் கட்டி முடித்த ஜேகப்ஸ் இல்லத்தில் தரைக்கடியில் குழாய்களைப் பதித்தார். டோக்கியோ மாளிகை 1923-ன் பூகம்பத்தை அடுத்த பெருந்தீயில் எரிந்துபோயிற்று. அதன் அஸ்திவாரக் கற்கள் மட்டும் 1995-ல் தாயகம் திரும்பி, வெடிப்புகளோடு அரண்மனை வளாகத்தில் கிடக்கின்றன.

1950-களில் நடந்த யுத்தத்துக்குப்பின், விறகின் இடத்தை வட்டமாய் வார்த்துத் துளையிட்ட நிலக்கரிக் கட்டி பிடித்துக்கொண்டது. விலை மலிவு, இரவெல்லாம் எரியும். பழைய விறகுப் புகைக்காலிலேயே அதை வைத்து எரித்தார்கள். ஆனால் விறகுப்புகை கண்ணைக் கரித்துத் தன் வரவைத் தெரிவிக்கும். நிலக்கரியின் நச்சு வாயுவோ நிறமும் மணமும் இன்றி வெடிப்பின் வழியே வந்து, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். குளிர்காலந்தோறும் அவ்விதம் குடும்பங்கள் மடிந்த செய்தி பத்திரிகைகளில் வராத ஆண்டில்லை. மயங்கியவனுக்கு முள்ளங்கி ஊறுகாயின் நீரைப் புகட்டுவது கைவைத்தியமாயிற்று. பிறகு தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் வந்தன. 1973-ல் தொடங்கிய பத்தாண்டுக் காடுவளர்ப்புத் திட்டமும், விறகு கேளாத அடுப்புகளும் சேர்ந்து மலைகளைப் பச்சையாக்கின. இன்று சியோலின் பல மாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு வெதுவெதுப்பான தரையில்தான் நடக்கிறார்கள்; 2018-ல் அந்நாட்டு அரசாங்கம் இந்த வாழ்க்கை முறையைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது.

இருந்தும், நாட்டுப்புறத்தில் புதுவீடு கட்டுகிற சிலர், மற்ற அறைகளுக்கெல்லாம் குழாய் இட்டுவிட்டு, ஓர் அறையை மாத்திரம் மண்சுவரும் கற்பலகையும் விறகடுப்புமாக அமைத்து, முதுகுவலியால் வருந்தும் பெற்றோருக்கு ஒதுக்குகிறார்கள். யீ இக் சொன்ன பழைய கணக்குக்கே வீடு திரும்பியிருக்கிறது. குழாயைத் தரை போடும்போது இழுத்துக்கொள்ளலாம். அந்த ஓர் அறைக்கோ, கடைக்கால் தோண்டும் அன்றே அடுப்பின் பள்ளத்தையும் புகைக்காலின் ஏற்றத்தையும் புகைபோக்கி நிற்கும் இடத்தையும் நிச்சயித்துவிட வேண்டும். கல் பாவத் தெரிந்த ஆசாரிகள் இப்போது மிகச் சிலரே. அவர்கள் வந்து பாவிச் சென்றபிறகும், சாந்து வெடிக்காமல் உலரும்பொருட்டு, சிறுதீயாக நாள்தோறும் எரித்துக்கொண்டு குடிபோகாமல் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.